வெள்ளிக்கிழமை மீன்

என் அண்ணனை மேயர் கதிரையிலிருந்து இறக்கியது நான்தான்.

எதிர்ப்பக்கத்தார் தாங்கள்தான் இறக்கினோம் என்று இன்றைக்கும் மார்தட்டுகிறார்கள். அண்ணனோ தன் கார்ச் சாரதி தன்னை விற்றுவிட்டான் என்று நம்புகிறார். இரண்டும் பிழை. கிளிநொச்சியில், இரணைமடு வாய்க்காலோரத்து வீட்டில், குசினிக்குள், அடுப்படியில் நின்றுகொண்டு நான் செய்த வேலை அது.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவர் என்பதால்தான் சொல்ல முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள். அவர்கள் வருவதற்குள் ஒரு தடவையாவது, யாரிடமாவது இதைக் கொட்டிவிட வேண்டும் போலிருக்கிறது.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வரவில்லை. கேட்டாலும் அதைத் தரவேண்டியவர் நீங்கள் இல்லையே...

பட்டணத்தின் பெயரை எழுதமாட்டேன். எங்களுக்கு வடக்கே, கடல்நீரேரி தாண்டிப் போனால் வரும் பெரிய பட்டணம் என்றால் போதும். அண்ணன் சிவக்கொழுந்துவை அதற்கு மேயராகத் தேர்ந்தபோது நாங்கள் பெரும்போகம் விதைத்திருந்தோம். இறக்கியபோது சிறுபோகம் வெட்டி முடியவில்லை. அவ்வளவுதான் அவருடைய ஆட்சி, ஒரு வருடம்கூட இல்லை.

ஆனால் அந்தக் கதிரைக்கு அவர் வந்த வழி நீளமானது. அந்த வழியில் நானும் கிடந்தேன்.

அப்பா இறந்தபோது அண்ணன் கொழும்பில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை நிறுத்த வேண்டும், அல்லது என் பெயரில் சீதனமாக எழுதியிருந்த காணியை விற்க வேண்டும். கிணறும் தோட்டமும் பனைகளும் நின்ற நல்ல காணி. சம்மதமோ என்று என்னைக் கேட்டார்கள். முறைக்குக் கேட்டார்கள். நான் ஓம் என்றேன். சந்தோசமாகத்தான் சொன்னேன், அதிலே பொய்யில்லை.

சீதனம் இல்லாத பெண்ணுக்கு யார் வருவார்? குடியேற்றக் காணிக்கு மனுப்போட்டிருந்த என் கணவர் வந்தார். நல்ல மனிதர், அதிகம் கதைக்கமாட்டார். கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டினோம். காய்ச்சலில் கிடந்தோம். இரவில் யானைக்குத் தீப்பந்தம் பிடித்தோம். என் கூடப் படித்தவர்கள் பட்டணத்தில் பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு திருவிழாவுக்குப் போன காலத்தில் நான் வரம்பு கட்டினேன்.

மகள் தவமணி பிறந்தபோது அண்ணன் வந்தார். குழந்தையைத் தூக்கித் தன் மகன் குலேந்திரனுக்குப் பக்கத்தில் கிடத்தினார்.

"இவள் என்ர வீட்டுக்கு வாற பிள்ளை. நீ எனக்குச் செய்ததை நான் மறக்கேல்லை. எழுதித் தரவேணுமோ?" என்று கேட்டார்.

"என்ன கதை அண்ணை இது" என்றேன்.

எங்களில் அண்ணன் மகனுக்கும் தங்கை மகளுக்கும் உள்ள உரிமை சின்ன விசயமில்லை. ஊரே அதைக் கணக்கில் எடுக்கும். தவமணியைப் பெண் கேட்டு வந்த இரண்டு நல்ல இடங்களுக்கு, அது பேசி வைத்த பிள்ளை என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். தீபாவளிக்கு அண்ணன் மகனுக்குச் சட்டைத் துணி எடுத்தால் அதே கடையில் இவளுக்கும் எடுத்து அனுப்புவார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அண்ணன் கெட்டிக்காரர். சந்தை வியாபாரிகளுக்காக வழக்காடிப் பெயரெடுத்தார், வட்டாரத்தில் வென்றார், மேயரானார். முன்கோபம் மட்டும் அவரோடு கூடப் பிறந்தது. நல்லதும் செய்தார், அதையும் சொல்லவேண்டும்! பட்டணத்தைக் கூட்டித் துப்புரவாக்குகிறவர்கள் குடியிருந்த ஒழுங்கைக்கு, அந்தச் சின்னச் சந்துக்குள், போன முதல் மேயர் அவர். அத்தனை குடும்பத்துக்கும் அங்கே ஒரு கிணறுதான். குழாய்த் தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். குழாய்களும் வந்து தெருவோரம் இறங்கின.

மேயரான பிறகு முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தவர் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, பழஞ்சோறு இருக்கோ என்று கேட்டார். அன்றைக்கு எனக்கிருந்த பெருமை... கண்பட்டுவிடும் என்று பயந்தேன்.

சிறுபோகம் விளைந்து நின்றபோது அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது.

சபையில் வாக்கெடுப்பு என்றால் பட்டணத்துக்காரர் ஒரு வேலை செய்வார்கள். எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று தெரியாத உறுப்பினர்களை எங்காவது தூரத்துக்குக் கொண்டுபோய், விருந்து போட்டு, மறுபக்கத்தார் கண்ணில் படாமல் வைத்திருப்பார்கள். வாக்கெடுப்பு நாளில் நேரே சபை வாசலில் இறக்குவார்கள். அண்ணன் அப்படி மூன்று பேரை என் வீட்டில் கொண்டுவந்து விட்டார். திங்கட்கிழமை வாக்கெடுப்பு. அந்த மூவரும் கைவிட்டால் அவர் கதிரை போய்விடும்.

"பிள்ளை, உன்னைத் தவிர ஆரையும் நம்பேலாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காவலுக்குத் தன் சாரதி அந்தோனியையும் காரையும் விட்டுவிட்டுப் போனார். அந்தோனி முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவன். வள்ளம் உடைந்த பிறகு கடலை விட்டு லொறி ஓட்டப் பழகி, பிறகு அண்ணனிடம் வந்தவன். நல்ல உயரம், வள்ளத்தில் தண்டு வலித்த கைகள். அவன் வாசலில் நின்றால் முகம் தெரியாத ஒருவர் வேலிக்கதவுப் படலையைத் தொடமாட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம். மூவருக்கும் சோறு போட்டேன். தவமணி தண்ணீர் வார்த்தாள். மூவரில் பெரியவர் வைத்திலிங்கம் முதலாளி, பட்டணத்தில் பெரிய புடவைக்கடை வைத்திருந்தவர். மான் இறைச்சியை வழித்துச் சாப்பிட்டபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல கைப்பக்குவம் பிள்ளை. இனி நாங்கள் அந்நியர் இல்லைத்தானே. உங்கட அண்ணரும் நானும் சம்பந்தி ஆகப்போறம்."

"விளங்கேல்லை" என்றேன்.

"அவற்ற மகனுக்கு என்ர பெட்டைப்பிள்ளையைப் பேசி முடிச்சாச்சு. அண்ணர் சொல்லேல்லையோ? வாக்கெடுப்பு முடியட்டும், பிறகு வெளியில சொல்லுவம் எண்டவர்." தவமணியைப் பார்த்தார். "இவ மகளோ? கலியாணத்துக்கு முன்னுக்கு நிண்டு வேலை செய்ய வேணும் பிள்ளை."

அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரைக் குறை சொல்ல முடியாது. தவமணி வார்த்த தண்ணீர் குவளை நிறைந்து பாயில் ஓடியது. துணி எடுத்துத் துடைத்தாள். குசினிக்குள் வந்து, "அம்மா, முதலாளிக்கு இன்னும் சோறு வேணுமாம்" என்றாள்.

நான் சோறு போட்டேன்.

உங்களுக்கு விளங்குகிறதா? ஒரு வாக்குக்காக என் மகளுடைய இடத்தை விற்றிருக்கிறார். விற்றது போதாதென்று, வாங்கினவருக்கு என் கையாலேயே விருந்தும் போட வைத்திருக்கிறார்! என் காணி அவருடைய படிப்பானது. என் இளமை காடானது. அதெல்லாம் நானாகக் கொடுத்தது. இது மட்டும் நான் கொடுக்காமலே எடுத்தது. அதுவும் என்னிடம் ஒரு சொல் சொல்லாமல்... அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், சண்டை பிடித்திருப்பேன், பிறகு சமைத்தும் போட்டிருப்பேன்.

அன்று பின்னேரம் சந்தைப் பக்கம் போனேன். அங்கே ஒரு கடை. கடைக்காரரின் மைத்துனர் பட்டணத்தில் எதிர்ப்பக்கத்து ஆள். அந்தக் கடைப்பக்கமே போகவேண்டாம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். போனேன்.

"சுருட்டு ஒரு கட்டுத் தாங்கோ."

"என்னக்கா, அத்தான் சுருட்டு மணமே பிடியாதவர் எல்லோ?"

"அது அவருக்கில்லை. பட்டணத்தாலை ஆக்கள் வந்து நிக்கினம்."

இவ்வளவுதான் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, எத்தனை பேர் என்று சொல்லவில்லை. அதனால் அது காட்டிக்கொடுத்தது ஆகாதா? அன்றிரவு முழுக்க அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைக்காரர் சுருட்டைச் சுற்றித் தந்துவிட்டு, நான் படி இறங்குவதற்குள் மகனைக் கூப்பிட்டுக் கடையைப் பார்க்கச் சொன்னதைக் காதால் கேட்டேன்.

இதோடு நின்றிருந்தால்கூட... இல்லை, நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிய எழுந்தேன். சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை மீனும் இறைச்சியும் படியேறாது என்று உங்களுக்குத் தெரியும். குசினியை மெழுகி, தலை முழுகி, திருநீறு பூசிக்கொண்டேன். அந்த ஈரக் கூந்தலோடு அந்தோனியிடம் போனேன்.

"அந்தோனி, முல்லைத்தீவுக்கு ஒருக்காப் போட்டு வாறியோ? மரியதாஸ் ஐயாவுக்கு மீன் வேணும்."

மரியதாஸ் ஐயா மூவரில் ஒருவர். அவரும் அந்தோனியைப்போல வேதக்காரர், கத்தோலிக்கர்.

"இண்டைக்கு வெள்ளியெல்லோ அக்கா? உங்கட வீட்டில..."

"உங்கட ஆக்கள் வெள்ளியில இறைச்சி தொடமாட்டினம், மீன்தான் எண்டு நீதானே ஒருக்காச் சொன்னனீ. நேற்று மான் இறைச்சி போட்டம். இண்டைக்கு அந்த மனிசன் என்னத்தைச் சாப்பிடுவார்? வெளியில அடுப்பு மூட்டிக் காய்ச்சிக் குடுப்பன்."

அவன் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அவ்வளவு சந்தோசப்பட்டான்.

"எங்கட ஆளுக்காக வெள்ளிக்கிழமை உங்கட வளவில மீன் காய்ச்சிறியளோ... நீங்கள் பெரிய மனிசி அக்கா." பிறகு கொஞ்சம் தயங்கினான். "ஐயா வாசலை விட்டு அசையாதை எண்டவர்."

"என்ர மனிசன் வீட்டிலதானே நிக்கிறார். நீ போ."

அதுவும் பொய். என் கணவர் வயலுக்குத் தண்ணீர் விடும் முறைக்காக விடியவே வாய்க்காலுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை என்று யோசித்துத்தான் மீனைச் சொன்னேனா? பின்னால் அவன் சொல்வதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று அப்போதே எனக்குத் தெரிந்ததா? இதை எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். தெரியாது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் வெள்ளிக்கென்று முழுகின ஈரம் தலையில் இருந்ததே!

மத்தியானத்துக்கு முன்பே இரண்டு கார்கள் வந்தன. ஒருவரும் ஒருவரையும் அடிக்கவில்லை, இழுக்கவில்லை. மாமரத்தின்கீழ் கதிரை போட்டுக் கதைத்தார்கள். நானே தேத்தண்ணி கொடுத்தேன். வைத்திலிங்கம் முதலாளிக்கு மேயர் கதிரையையே தருகிறோம் என்றார்கள். அவர் கொஞ்ச நேரம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து தன் பையை எடுத்தார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

"போட்டு வாறம் பிள்ளை" என்று முறையாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

பட்டணத்தில் செய்தி பரவ, அண்ணன் பின்னேர ரயிலில் வந்து இறங்கினார். முகம் இருண்டு போயிருந்தது. அவர் முற்றத்தில் நிற்கும்போதே கார் வந்து நின்றது. அந்தோனி பனையோலைப் பறியில் மீனோடு இறங்கினான்.

"எங்கையடா போனனீ?"

"அக்கா மீனுக்கு அனுப்பினவா ஐயா. முல்லைத்தீவுக்கு."

"இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி ஐயா."

"வெள்ளிக்கிழமை என்ர தங்கச்சி மீனுக்கு ஆள் அனுப்பினவள், என்ன?"

அண்ணன் சிரித்தார். மெழுகின குசினியைப் பார்த்தார், என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை! கேட்கத் தேவையில்லாத அளவுக்கு என்னை நம்பினார். என் மகளை விற்றவர், என்னை அவ்வளவு நம்பினார்.

"சாட்டுக்கு மீனும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். எவ்வளவுக்கடா என்னை வித்தனீ?"

அந்தோனி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "விளக்கு வைக்க நேரமாச்சுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

வெளியே செருப்பு கழன்ற சத்தம் கேட்டது. அடி விழுந்த சத்தமும் கேட்டது. அந்தோனியின் சத்தம் மட்டும் கேட்கவில்லை. நான் சுவாமிப் படத்துக்கு முன்னால் திரியைத் திரித்துக்கொண்டே நின்றேன். வெளியே வந்தபோது கார்ச் சாவி முற்றத்து மண்ணில் கிடந்தது. அவன் பரந்தன் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தான்.

மீனை என் கணவர் தென்னங்கன்றுக்கு அடியில் குழி வெட்டிப் புதைத்தார். ஏன் அனுப்பினாய் என்று அவர் கேட்கவில்லை. அனுப்பினாயா என்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அண்ணன் தோற்றார். வைத்திலிங்கம் முதலாளி மேயரானார். துரோகி வீட்டுப் பெட்டை வேண்டாம் என்று அண்ணனே அந்தச் சம்பந்தத்தை முறித்தார். அடுத்த தை மாதம் வெற்றிலைத் தட்டத்தோடு என் வாசலில் வந்து நின்றார்.

"எப்பவோ பேசின பேச்சுத்தானே பிள்ளை. இப்ப முறையாய்க் கேக்க வந்திருக்கிறன்."

முதலாளி மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! அப்படி ஒரு கதையே நடக்காததுபோல நின்றார். நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பொய்யை நடுவில் வைத்துக்கொண்டு வெற்றிலை மாற்றினோம்.

கலியாணத்துக்கு முதல்நாள் தவமணிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"மாமா மேயராய் இருந்திருந்தால் என்னைக் கேட்டிருக்கமாட்டார், என்னம்மா" என்றாள். நான் பின்னலை இறுக்கினேன். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் விரும்பியது எனக்குக் கிடைத்துவிட்டது, பாருங்கள்.

மகளைப் பார்க்கப் பட்டணம் போகும்போது அந்த ஒழுங்கை வழியாகப் போகவேண்டி வரும். புதிய மேயர் அண்ணனுடைய வேலையைத் தொடவில்லை. குழாய்கள் தெருவோரத்திலேயே துருப்பிடித்துக் கிடந்தன. பிள்ளைகள் அவற்றின்மேல் இருந்து விளையாடினார்கள். பெண்கள் குடத்தோடு அந்த ஒரே கிணற்றடியில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கும் எனக்கும் என்ன பகை? ஒன்றுமில்லை. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நடப்பேன்.

அந்தோனியைப் பிறகு ஒரு தடவைதான் கண்டேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன பஸ் தண்ணீரூற்றுச் சந்தியில் நின்றது. சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு நின்றவன் என்னைக் கண்டு யன்னலடிக்கு வந்தான். நரைத்திருந்தான். மேயரை விற்றவன் என்ற பெயரால் பட்டணத்தில் வேறு யாரும் அவனுக்கு வேலை கொடுக்கவில்லையாம். திரும்பவும் கடலுக்கே போய்விட்டான்.

"அக்கா, சுகமோ? ஐயா எப்பிடி இருக்கிறார்?"

"இருக்கிறார் அந்தோனி."

"அண்டைக்கு நடந்ததை நான் மனசில வைச்சிருக்கேல்லை அக்கா. பதட்டத்தில என்னை அனுப்பினது உங்களுக்கு மறந்துபோச்சுது எண்டுதான் பெண்சாதிக்கும் சொன்னனான். மனிசருக்கு வாறதுதானே."

என்மேல் பழி வராமல், எனக்கு ஒரு சாக்கு அவனே தேடி வைத்திருந்தான்.

"ஓம் அந்தோனி" என்றேன். "மறந்துதான் போச்சுது."

திரும்பி வரும்போதும் அவன் அங்கேயே காத்துக்கொண்டு நின்றான். ஓலையில் சுற்றிய மீனை யன்னலுக்குள்ளால் தந்தான். காசு வாங்கவில்லை. பொங்கல் முடிந்துவிட்டதே, கொண்டுபோய்ச் சமைத்தேன், சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கியது. ருசியாகவும் இருந்தது.

இப்போது சொல்கிறேன், ஏன் இதை இன்று எழுதுகிறேன் என்று.

மருமகன் குலேந்திரன் போன வருடம் சபைக்குள் போனான். இப்போது மேயருக்கு நிற்கிறான். நேற்று அண்ணன் வந்திருந்தார். கிழண்டுவிட்டார், ஆனாலும் கதிரை என்றதும் கண்ணில் பழைய வெளிச்சம்.

"பிள்ளை, நாலு பேரை ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருவம். தேர்தல் முடியுமட்டும் இஞ்சை வைச்சிரு."

"வேற இடம் பாக்கேலாதோ அண்ணை?"

"ஆரை நம்புறது? எனக்குத் துரோகம் செய்யாதது உன்ர வீடு ஒண்டுதான்." காலை நீட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டார். "டிரைவரை மட்டும் பாத்து வைக்கவேணும். ஒருத்தனை நம்பி நான் கெட்டது போதும்."

சொல்லியிருக்கலாம். என் கணவர் வயலில், முற்றத்தில் வேறு யாருமில்லை. அண்ணை, அந்தோனி உங்களை விற்கவில்லை, நீங்கள் என் மகளை விற்றீர்கள், நான் உங்களை விற்றேன் என்று சொல்லியிருக்கலாம்... வாயைத் திறந்தும்விட்டேன்.

"நாலு பேரும் மச்சம் மாமிசம் சாப்பிடுறவையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓம். அதிலை ஒருத்தர் வேதக்காரர். வெள்ளிக்கிழமை அவருக்கு என்ன குடுப்பாய்?"

"இந்த வீட்டில வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் மரக்கறிதான்" என்றேன்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "அதுதானே என்ர தங்கச்சி" என்று சொல்லி என் தலையில் கை வைத்தார்.

பாய்களை வெயிலில் போட்டிருக்கிறேன். இனிப் போய் எடுத்து உதறி, அந்த அறைக்குள் விரிக்க வேண்டும்.